ஸ்கூட்டரா, பைக்கா? நடுவில் கொஞ்சம் காலியிடம்!

"ஏம்ப்பா, இந்த வயசுல போய் ஸ்கூட்டரா? ஜம்முனு ஒரு பைக் வாங்க வேண்டியதுதானே!"

ஸ்கூட்டர் வாங்கப் புறப்படுகிற எந்த வாலிபரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. வாங்குவதற்கு முன்னால் ஆபீஸ் நண்பர் கேட்பார். வாங்கி வந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற நேரத்தில் மச்சினன் கேட்பான். "மாமா, இது அக்காவுக்கா? அப்ப உங்களுக்கு?"

சினிமாவும் தன் பங்குக்கு வஞ்சகம் செய்துவிட்டது. ஹீரோ என்றால் பைக்கில்தான் வருவார். ஹீரோவின் அப்பாவுக்கு மட்டும் ஸ்கூட்டர். அதுவும் ஸ்டார்ட் ஆகாது!

இத்தனை கிண்டலுக்கும் நடுவே ஸ்கூட்டர் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பைக் ஓட்டத் தெரியாதவர்கள் மட்டும் வாங்கினால் சரி, போகட்டும் என்று விட்டுவிடலாம். இருபது வருஷம் பைக் ஓட்டியவர்களும், பைக் வாங்கப் பணம் வைத்திருப்பவர்களும்கூட "ஸ்கூட்டரே கொடுங்க" என்கிறார்களே, ஏன்? கேட்டால், "சும்மா... ஒரு வசதிதான்" என்று முடித்துக்கொள்வார்கள்.

அந்த 'வசதி'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா?

வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பைக்கில் ஹேண்டில்பாருக்கும் ஸீட்டுக்கும் நடுவே பெட்ரோல் டாங்க். அதன் கீழே இன்ஜின். ஸ்கூட்டரில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. வெறும் காலியிடம். ஸ்கூட்டரின் மொத்த ரகசியமும் அந்த 'ஒன்றுமில்லை'யில்தான் இருக்கிறது.

பைக்கைப் பிடிக்காத இன்ஜினீயர்

அந்தக் காலியிடம் தானாக வந்துவிடவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். இத்தாலியில் பியாஜியோ என்ற கம்பெனி. போருக்கு விமானம் செய்து கொடுத்த கம்பெனி அது. குண்டு விழுந்து தொழிற்சாலை நாசம். இனி விமானம் செய்யவும் வழியில்லை. முதலாளி என்ரிகோ பியாஜியோ யோசித்தார். ஜனங்களுக்குக் கார் வாங்க வசதி கிடையாது. ரோடெல்லாம் பாழ். 'சல்லிசா ஒரு ரெண்டு சக்கர வண்டி செஞ்சா என்ன?'

ஒரு மாதிரி வண்டி தயாரானது. பார்க்க வாத்து மாதிரி இருந்ததோ என்னவோ, அதற்கு 'பாப்பெரினோ' என்று பெயர் விழுந்தது. டொனால்ட் டக் வாத்துக்கு இத்தாலியில் அதுதான் பெயர்! ஆனால், அந்த வண்டியின் நடுவில் ஒரு மேடு. காலைத் தூக்கிப் போட்டுத்தான் உட்கார வேண்டும். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கொராடினோ டி அஸ்கானியோ என்ற இன்ஜினீயரைக் கூப்பிட்டார்.

இந்த டி அஸ்கானியோ விமான ஆசாமி. 1930-லேயே ஹெலிகாப்டர் பறக்கவிட்டவர். அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. 'ஏறி உட்காருவது கஷ்டம், செயின் எண்ணெய் துணியில் ஒட்டுகிறது, பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் உயிர் போகிறது' என்பதெல்லாம் அவருடைய குறைகள். பைக்கைப் பிடிக்காத ஒருவரிடம் பைக்குக்கு மாற்று செய்யச் சொன்னால் என்ன ஆகும்? பிடிக்காததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டார்.

நடுவில் இருந்த மேட்டை எடுத்தார். இன்ஜினைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கித் தகடு போட்டு மூடினார். செயினே வேண்டாம் என்றார். விமானச் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரே பக்கத்துக் கையில் மாட்டினார். பஞ்சரானால் கார் சக்கரம் மாதிரி கழற்றி மாட்டலாம். சேறு தெறிக்காமல் முன்னால் ஒரு தகடு. கியரைக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

1946-ல் வண்டி வெளியே வந்தது. 98 சி.சி. இன்ஜின். இடுப்பு குறுகி, பின்புறம் பருத்து, ரீங்கரிக்கிற அதைப் பார்த்துவிட்டு, "குளவி மாதிரி இருக்கே!" என்றாராம் முதலாளி. இத்தாலியில் குளவிக்கு 'வெஸ்பா' என்று பெயர். அதுவே வண்டிக்கும் நிலைத்துவிட்டது.

ஆக, ஸ்கூட்டர் என்பது பைக்கின் சோனித் தம்பி இல்லை. 'பைக்கில் ஏறிப் போக முடியாதவர்கள் யார் யார்?' என்று யோசித்துச் செய்த வண்டி.

வேட்டிக்கு ஏற்ற வாகனம்

நம்ம ஊருக்கு வருவோம். வேட்டி கட்டியவர் பைக்கில் ஏறுகிற காட்சியைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் நாலு பக்கமும் பார்ப்பார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டுவார். பிறகு ஒரு காலைத் தூக்கி... போதும். ஸ்கூட்டரில் இந்த சர்க்கஸ் எதுவும் கிடையாது. நாற்காலியில் உட்கார்வது போல உட்கார்ந்து, காலை உள்ளே வைத்தால் ஆயிற்று. முகூர்த்த நாளில் நாலு வீட்டுக்கு ஓட வேண்டிய புரோகிதருக்கு வேறு எந்த வண்டி தோதுப்படும், சொல்லுங்கள்!

அறுபதுகளிலிருந்து பஜாஜ் கம்பெனி வெஸ்பாவை இங்கே செய்துவந்தது. 1972-ல் 'சேடக்' வந்தது. மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். பெயர்தான் குதிரை. பணம் கட்டினால் கைக்கு வந்து சேர ஆமை வேகம்! லைசென்ஸ் ராஜ்யம் நடந்த காலம். இவ்வளவுதான் தயாரிக்கலாம் என்று கம்பெனிக்கே கட்டுப்பாடு. புக் பண்ணிவிட்டுப் பத்து வருஷம்கூடக் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்குக் கேட்ட ஸ்கூட்டர், குழந்தைக்குக் காது குத்தும்போது வந்த குடும்பங்களும் உண்டு.

வந்த பிறகு அந்த வண்டி பட்ட பாடு! அப்பா ஓட்ட, அம்மா பின்னால் ஒருக்களித்து உட்கார, நடுவில் ஒன்று, முன்னால் நிற்க ஒன்று. காலடியில் காய்கறிப் பை. காலையில் கிளம்பாவிட்டால் அப்பா அதை இடுப்பில் சாய்த்து, குழந்தையைத் தாலாட்டுவது போல ஒரு சாய்ப்பு சாய்த்து நிமிர்த்துவார். டாங்க் அடியில் கிடக்கிற கொஞ்சம் பெட்ரோல் கார்பரேட்டருக்கு இறங்கட்டும் என்ற வைத்தியம். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார். அது ஒரு தனி சாஸ்திரம்!

எங்கே சறுக்கியது?

இவ்வளவு செல்வாக்காக இருந்த ஸ்கூட்டர் ஒரு கட்டத்தில் தோற்றும் போனது. நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும்.

1985-ல் ஹீரோ ஹோண்டாவின் 100 சி.சி. பைக் வந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம். புகை இல்லை. மைலேஜ் என்றால் அப்படி ஒரு மைலேஜ்! மாசச் சம்பளக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு பைக் பக்கம் சாய்ந்தது. கிராமத்துக்காரரோ ரோட்டைப் பார்த்தார். ரோடும் பைக் பக்கமே சாய்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் விற்பனையில் பைக் ஸ்கூட்டரை முந்தியது. 2009-ல், 'இனிமேல் ஸ்கூட்டரே செய்யப் போவதில்லை' என்று பஜாஜே சொல்லிவிட்டது. ஊரே 'ஹமாரா பஜாஜ்' என்று கொண்டாடிய கம்பெனி!

"அவ்வளவுதான், ஸ்கூட்டர் கதை முடிஞ்சுது" என்றார்கள். முடியவில்லை. வேறு ஒரு வாசல் வழியாக அது திரும்பி வந்துகொண்டிருந்தது.

கியரைக் காணோம்!

1984-ல் கைனெடிக் கம்பெனியும் ஹோண்டாவும் கூட்டு சேர்ந்தன. அதில் பிறந்த கைனெடிக் ஹோண்டாவில் கியரும் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது. பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட். முறுக்கினால் போகும். பிரேக் பிடித்தால் நிற்கும். "இது என்னங்க, பொம்மை மாதிரி" என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அடுத்து வந்த டி.வி.எஸ். ஸ்கூட்டி, 2001-ல் வந்த ஹோண்டா ஆக்டிவா எல்லாம் அந்த வழியில்தான் நடந்தன. 2016-ல் ஆக்டிவா மாதக்கணக்கில் எல்லா பைக்கையும் முந்தி, நாட்டிலேயே அதிகம் விற்ற இரு சக்கர வண்டியாக நின்றது.

கியர் இல்லாமல் எப்படி ஓடுகிறது? விஷயம் ரொம்ப சுலபம். உள்ளே இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு பெல்ட். இன்ஜின் வேகம் கூடக் கூட, முன்கப்பிக்குள் இருக்கிற சின்னச் சின்ன உருளைகள் வெளிப்பக்கமாக ஒதுங்கும். ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது உட்கார்ந்திருப்பவர் வெளியே தள்ளப்படுவாரே, அதே சங்கதி. அவை ஒதுங்கும்போது கப்பியின் இரண்டு தட்டுகளும் நெருங்கி பெல்ட்டை மேலே ஏற்றும். பின்கப்பியில் பெல்ட் உள்ளே இறங்கும். இதுதான் கியர் மாற்றம். நீங்கள் செய்ய வேண்டியதை பெல்ட்டே செய்துவிடுகிறது.

சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போகிற ஊரில் இதன் அருமை தெரியும். அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு ஒரு பைக்காரரின் இடது கையைக் கேட்டால் அது கதை கதையாகச் சொல்லும். கிளட்ச்சைப் பிடி, விடு, பிடி, விடு... வீட்டுக்குப் போனதும் காபி டம்ளரைக்கூட வலது கையில்தான் வாங்குவார். இரண்டு வண்டியும் ஓட்டத் தெரிந்தவர்கள் ஸ்கூட்டர் பக்கம் சாய்வதற்கு இது பெரிய காரணம்.

பின் ஸீட்டிலிருந்து முன் ஸீட்டுக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

"ஸ்கூட்டர் லேசா இருக்கும், அதான் லேடீஸ் ஓட்டுறாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. தராசில் வைத்துப் பார்த்தால் அது நிற்காது. சாதாரண 110 சி.சி. ஸ்கூட்டரின் எடை நூற்றுச் சொச்சம் கிலோ. சாதாரண 100 சி.சி. பைக்கும் ஏறக்குறைய அதே எடைதான். வித்தியாசம் எடையில் இல்லை. சேலை கட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் போட முடியாது என்பதில் இருக்கிறது. பைக்கைச் செய்தவர் பேண்ட் போட்டவரை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு செய்துவிட்டார். நடுவில் காலியிடம் விட்ட வண்டியில் சேலையோடு ஏறலாம், ஸ்கூலுக்குப் போகிற டீச்சர் மடிப்புக் கலையாமல் இறங்கலாம்.

இன்னொரு சூட்சுமம் பிரேக். பைக்கில் பின்பிரேக் காலில். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில், சைக்கிள் மாதிரியே. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் பாதி ஸ்கூட்டர் தெரிந்த மாதிரி.

தமிழ்நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கேலிப் பேச்சைத் தாங்கிக்கொண்டு கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், அப்பாவையோ அண்ணனையோ கெஞ்ச வேண்டாம் என்ற ருசி அப்போது தெரிந்தது. பிறகு பள்ளி மாணவிகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுத்தது. அந்த சைக்கிளுக்கு அடுத்த படி, கியர் இல்லாத ஸ்கூட்டர்.

2018-ல் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியத் திட்டம் கொண்டுவந்தது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். கால் ஊனமுற்றவர்களுக்குப் பக்கவாட்டில் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை அரசு இலவசமாகவே கொடுத்துவருகிறது. அதற்கு பைக்கைத் தேர்ந்தெடுக்க முடியுமா? ஏறவே முடியாதே!

ஒரு காலத்தில் ஸ்கூட்டரின் பின் ஸீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, "மெதுவா போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவின் மகள், இப்போது முன் ஸீட்டில். பின்னால் அப்பா. "மெதுவா போம்மா" என்கிறார்!

குறையே இல்லையா?

இருக்கிறது. மறைக்கக் கூடாது.

முதல் குறை, சக்கரம். பைக் சக்கரம் 17, 18 அங்குலம். ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் 10 அல்லது 12. பெரிய சக்கரம் பள்ளத்தின் மேலேயே தாண்டிப் போய்விடும். சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி நலம் விசாரித்துவிட்டு வரும்! மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற ரோட்டில் ஸ்கூட்டர்காரர் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கிராமத்து மண் ரோட்டுக்கும், திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுவதற்கும் பைக்தான் ராஜா. அதில் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது, மைலேஜ். பெல்ட் வழியாகப் போகும்போது கொஞ்சம் சக்தி வீணாகிறது. அதே அளவு பைக்கைவிட லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறைவாகக் கொடுத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மூன்றாவதுதான் வேதனையானது. நாம் பெருமையாகச் சொன்ன அதே காலியிடம். அங்கே குழந்தையை நிற்க வைக்கிறோம். அதுவும் ஆசையாக ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, 'டுர்ர்ர்' என்கிறது. திடீரென்று பிரேக் பிடித்தால் குழந்தையின் நெஞ்சும் முகமும் எங்கே போய் மோதும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். 2022-ல் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, நாலு வயசுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவரோடு பெல்ட்டால் இணைக்க வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 9 மாதம் ஆன குழந்தை முதல் ஹெல்மெட் வேண்டும். அந்தக் காலியிடம் கத்திரிக்காய்க்கு, கைக்குழந்தைக்கு இல்லை.

சேலைக்கும் துப்பட்டாவுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கூட்டரில் செயின் வெளியே இல்லை, பின்சக்கரமும் பாதி மறைந்திருக்கிறது. அதனால் ஆபத்து குறைவு. ஆனால் அறவே இல்லை என்று அர்த்தம் இல்லை. முந்தானையைச் சொருகிக்கொண்டு ஏறுவது நல்லது. பைக்கில் சக்கரத்துக்குச் சேலைத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 'அழகு போகுது' என்று அதைக் கழற்றிவிட்டுத் திரிகிறார்களே சிலர், அவர்கள் வண்டியில் பின்னால் உட்காரும் பெண்கள் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

காலியிடத்தில் புது விருந்தாளி

இப்போது தெருவில் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கிறதே எலெக்ட்ரிக் வண்டி, அதில் பெரும்பாலானவை ஏன் ஸ்கூட்டராகவே இருக்கின்றன, யோசித்தீர்களா? பேட்டரி கனமான சாமான். அதை எங்காவது தாழ்வாக வைக்க வேண்டும். ஸ்கூட்டரில்தான் கால் வைக்கிற பலகைக்கு அடியிலும், ஸீட்டுக்கு அடியிலும் இடம் இருக்கிறது. தவிர, எலெக்ட்ரிக் வண்டி அதிகம் ஓடுவது ஊருக்குள். அது ஏற்கெனவே ஸ்கூட்டரின் பேட்டை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. ஏதர் கம்பெனியைத் தொடங்கியவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். அதன் தொழிற்சாலை ஓசூரில். டி.வி.எஸ்.ஸும் ஓசூரில். ஓலாவின் தொழிற்சாலை அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியில். 'ஸ்கூட்டரே வேண்டாம்' என்ற பஜாஜும் 2020-ல் திரும்பி வந்தது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோடு. பெயர்? சேடக்! குதிரை லாயத்துக்குத் திரும்பிவிட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு...

* தினமும் போகிற ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள்ளேயே ஓட்டம், வழியெல்லாம் சிக்னல் என்றால் ஸ்கூட்டர். பள்ளமும் மண்ணும் நீண்ட தூரமும் என்றால் பைக்.

* முன்சக்கரம் 12 அங்குலமாக உள்ள மாடல் கிடைத்தால் நல்லது. பள்ளத்தில் வித்தியாசம் தெரியும்.

* ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு காலும் தரையில் படிகிறதா என்று பாருங்கள். யார் அதிகம் ஓட்டப் போகிறாரோ அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

* உள்ளே இருக்கிற பெல்ட்டும் உருளைகளும் தேயும். 'கியரே இல்லையே, என்ன ஆகப் போகுது' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பெல்ட் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். சர்வீஸின்போது மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

* பல ஸ்கூட்டர்களில் ஸீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்க இடம் இருக்கிறது. வண்டி ஓடும்போதும் அது அங்கேயே இருக்கக் கூடாது!

பைக்கும் ஸ்கூட்டரும் இரண்டுமே நிற்கிற வீடுகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். பைக் சாவி எப்போதும் ஆணியில் அதன் இடத்தில் பத்திரமாகத் தொங்கும். அதை எடுக்க வீட்டில் ஒரே ஒருவர்தான். ஸ்கூட்டர் சாவியைத்தான் காணாமல் தேடிக்கொண்டே இருப்பார்கள். பெண் டியூஷனுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பாள், அவள் வருவதற்குள் தாத்தா நூலகத்துக்குக் கேட்டு வைத்திருப்பார், அம்மா ரேஷன் கடைக்குக் காத்திருப்பாள்.

கடைசியில், பைக்காரர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மனைவி சொல்வாள்: "இன்னிக்கு ஒரு நாள் உங்க வண்டியில என்னை ரேஷன் கடையில இறக்கி விடுங்களேன். ஸ்கூட்டர் ஃப்ரீயா இல்லே!"